நாற்சக்கர இயக்க யூட் வாகன மாற்றியமைப்பு

நாற்சக்கர இயக்க யூட் வாகன மாற்றியமைப்பு என்பது, ஆஸ்திரேலியாவில் யூட் என்று அழைக்கப்படும் பயன்பாட்டு வாகனத்தின் தொங்கலமைப்பு, டயர்கள், துணைக்கருவிகள் ஆகியவற்றை நெடும்பயணத்துக்கும் கரடுமுரடான பாதைகளுக்கும் ஏற்றவாறு மாற்றுவதைக் குறிக்கும். சக்கரங்களுக்கும் வாகன உடலுக்கும் இடையே உள்ள வில்கள், அதிர்வுத் தணிப்பான்கள், இணைப்புக் கரங்கள் ஆகியவை சேர்ந்ததே தொங்கலமைப்பு ஆகும். இது பேச்சுவழக்கில் சஸ்பென்சன் எனப்படுகிறது.

வாகனத்தை உயர்த்துவதே இத்தகைய மாற்றங்களின் நோக்கம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆனால் உயரம் ஒரு துணை விளைவு மட்டுமே. எடையே திட்டமிடலின் மையமாகும். பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியும் வாகனத்தின் சட்டப்படியான சுமை வரம்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. எனவே எடைக்கணக்கு முதலிலும், கருவிகளின் தேர்வு அடுத்தும், வில்களின் தேர்வு இறுதியிலும் அமைய வேண்டும். இவ்வரிசை மாறும்போது அடிச்சட்டகம் வளைதல், அச்சு முறிதல், வாகனம் கவிழ்தல், காப்பீடு மறுக்கப்படுதல் போன்ற விளைவுகள் நேரிடலாம்.

வரலாறு

யூட் என்பது பயன்பாடு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்லவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் ஒரே வாகனம் வேண்டும் என்று விக்டோரியா மாநில விவசாயி ஒருவரின் மனைவி போர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அந்நிறுவனத்தின் ஜீலாங் தொழிற்சாலையில் பணியாற்றிய லூயிஸ் பாண்ட் என்ற வடிவமைப்பாளர், காரின் முன்பகுதியையும் சுமைத்தட்டையும் ஒரே உடலாக இணைத்து உருவாக்கிய வாகனம் 1934ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது.

1949 முதல் 1974 வரை நடைபெற்ற பனிமலை நீர்மின் திட்டம் ஆஸ்திரேலியாவில் நாற்சக்கர இயக்க வாகனங்களின் தேவையை அதிகரித்தது. இத்திட்டத்தில் பணியாற்றிய தீஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் டொயோட்டா லேண்ட் குரூசர் வாகனங்களை இறக்குமதி செய்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 1968இல் அறிமுகமானது. அதன் நாற்சக்கர இயக்க வகை 1979இல் வெளிவந்தது. லேண்ட் குரூசர் 70 வரிசை 1984இல் தொடங்கியது. ஹைலக்ஸ் 2016 முதல் 2022 வரை ஆஸ்திரேலியாவில் மிக அதிகம் விற்பனையான வாகனமாக இருந்தது. 2023இல் அவ்விடத்தைப் போர்டு ரேஞ்சர் பிடித்தது.

இவ்வாகனங்கள் பல்வேறு நாடுகளின் சராசரித் தேவையைக் கருதி வடிவமைக்கப்படுபவை. சுமையின்றி நகரில் ஓடும்போதும் முழுச்சுமையுடன் ஓடும்போதும் ஏற்கத்தக்க அளவில் இயங்குமாறு அவற்றின் வில்கள் அமைக்கப்படுகின்றன. ஆண்டு முழுவதும் கனமான கருவிகளைச் சுமக்கும் வாகனத்துக்கு அவ்வமைப்பு பொருந்துவதில்லை. மாற்றியமைப்பின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

எடை வரம்புகள்

ஒரு வாகனத்துக்குத் தயாரிப்பாளர் பல எடை வரம்புகளை நிர்ணயிக்கிறார். அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

• வெற்று எடை: எரிபொருள் கலன் நிரம்பிய நிலையில், ஆட்களும் சுமையும் இல்லாத வாகனத்தின் எடை. இதனுடன் குழப்பிக்கொள்ளப்படும் டேர் எடை என்பது 10 லிட்டர் எரிபொருள் மட்டும் உள்ள நிலையில் கணக்கிடப்படுவது.

• மொத்த வாகன எடை வரம்பு (ஜிவிஎம்): ஆட்கள், சுமை, பொருத்தப்பட்ட கருவிகள் யாவும் உட்பட வாகனம் எட்டக்கூடிய உச்ச எடை.

• அச்சு எடை வரம்பு: முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே தாங்கக்கூடிய உச்ச எடை. மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்போதே ஓர் அச்சு தன் வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும்.

• மொத்த இணை எடை வரம்பு (ஜிசிஎம்): வாகனமும் அது இழுத்துச்செல்லும் இழுவை வண்டியும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை.

• இழுவைக் குமிழ் எடை: இழுவை வண்டியின் முன்முனை வாகனத்தின் பின்புற இணைப்பை அழுத்தும் எடை. இது வாகனத்தின் சுமையில் சேர்த்துக் கணக்கிடப்படும்.

மொத்த வாகன எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பது சுமைத்திறன் ஆகும். விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படும் இழுவைத் திறனைவிட, பயணம் செய்பவருக்கு முதன்மையானது இச்சுமைத்திறனே.

எடைக்கணக்கு

எடைக்கணக்கு எவ்வாறு அமையும் என்பதைச் சிம்சன் பாலைவனப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அறியலாம். நடு ஆஸ்திரேலியாவில் உள்ள இப்பாலைவனத்தில் ஏறத்தாழ 1,100 மணற்குன்றுகள் ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. 1936இல் டெட் கோல்சன் ஒட்டகங்களுடன் இதனைக் கடந்தார். 1962இல் புவியியலாளர் ரெக் ஸ்பிரிக் தம் குடும்பத்தினருடன் நிசான் பேட்ரோல் வாகனத்தில் கடந்தார். மோட்டார் வாகனத்தில் இப்பாலைவனத்தைக் கடந்த முதல் பயணம் அதுவாகும். கோடையில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்கு உட்பட்ட பகுதி மூடப்படுகிறது.

மேற்கில் உள்ள மவுண்ட் டேர் என்னுமிடத்திலிருந்து கிழக்கில் உள்ள பேர்ட்ஸ்வில் ஊர்வரை ஏறத்தாழ 550 கி.மீ. தொலைவுக்கு எரிபொருள் கிடைக்காது. மணலில் 100 கி.மீ.க்கு 20 லிட்டர் டீசல் செலவாகும் எனக் கொண்டால் 110 லிட்டர் தேவைப்படும். கால்பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கையிருப்பைச் சேர்த்தால் 140 லிட்டர் ஆகிறது. 80 லிட்டர் கலன் உடைய வாகனத்துக்கு இன்னும் 60 லிட்டர் தேவை. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 0.84 கி.கி. என்பதால் இது 50 கி.கி. ஆகும். இருவர் ஆறு நாள் பயணம் செய்ய, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம், 60 லிட்டர் நீர் வேண்டும். இதன் எடை 60 கி.கி.

இனி, 3,050 கி.கி. மொத்த எடை வரம்பும் 2,100 கி.கி. வெற்று எடையும் கொண்ட ஒரு வாகனத்தைக் கருதுவோம். இதன் சுமைத்திறன் 950 கி.கி. கீழ்வரும் பட்டியலில் உள்ள எடைகள் இத்தகைய வாகனங்களில் பொதுவாகக் காணப்படும் அளவை ஒட்டியவை:

• பயணிகள் இருவர்: 160 கி.கி.
• எஃகு முன் தடுப்புச் சட்டமும் வின்ச்சும்: 100 கி.கி.
• சுமைத்தட்டின் மேலமையும் அலுமினியக் கூண்டு: 120 கி.கி.
• இழுப்பறைகள், உணவு நிரம்பிய குளிர்பெட்டி: 110 கி.கி.
• இரண்டாம் மின்கலம், மின்கம்பிகள்: 35 கி.கி.
• அடிப்பகுதிக் காப்புத் தகடுகள், பக்கச் சட்டங்கள்: 70 கி.கி.
• இரண்டாவது மாற்றுச் சக்கரமும் தாங்கியும்: 45 கி.கி.
• கூடுதல் டீசல்: 50 கி.கி.
• நீர்: 60 கி.கி.
• கூரைக் கூடாரமும் தாங்கியும்: 90 கி.கி.
• மீட்புக் கருவிகள், உதிரிப் பாகங்கள்: 70 கி.கி.
• உணவு, உடை, சமையற் பொருட்கள்: 100 கி.கி.

இவற்றின் கூட்டுத்தொகை 1,010 கி.கி. ஆகும். பட்டியலில் ஆடம்பரப் பொருள் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. ஆயினும் வாகனம் வரம்பை 60 கி.கி. தாண்டிவிட்டது. இதன்பின் 150 கி.கி. குமிழ் எடை உள்ள ஓர் இழுவை வண்டியை இணைத்தால் மீறல் 210 கி.கி. ஆகும். இவ்வளவும் வாங்கிப் பொருத்திய பின்னர் எடைமேடையில் நிறுத்தி இதனை அறிவதைவிட, வாங்குவதற்கு முன் தாளில் எழுதிக் கூட்டி அறிவது எளிது.

எடையைக் குறைக்கும் வழிகள் பல உள்ளன. 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலம் ஏறத்தாழ 30 கி.கி. எடையுள்ளது. அதே திறனுள்ள லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலத்தின் எடை அதில் பாதிக்கும் குறைவு. வின்ச்சின் எஃகு வடத்துக்கு மாற்றாகச் செயற்கை இழை வடத்தைப் பயன்படுத்தலாம். இருவர் மட்டும் பயணம் செய்தால் பின்னிருக்கைகளைக் கழற்றுவதும் உண்டு. கூரைக் கூடாரத்துக்கு மாற்றாகத் தரைக் கூடாரம் கொண்டால் எடையும் குறையும், ஈர்ப்பு மையமும் தாழும்.

எடை அமையும் இடம்

எவ்வளவு எடை என்பதைப் போலவே எங்கே அவ்வெடை அமைகிறது என்பதும் முக்கியமானது. இரு அச்சுகளுக்கும் வெளியே அமையும் எடை நெம்புகோல் போலச் செயல்படுகிறது. அச்சுகளின் இடைத்தொலைவு 3.1 மீட்டர் எனவும், இழுவைக் குமிழ் பின் அச்சுக்கு 1.3 மீட்டர் பின்னால் உள்ளது எனவும் கொள்வோம். 150 கி.கி. குமிழ் எடை பின் அச்சின் சுமையை 213 கி.கி. அதிகரிக்கும், முன் அச்சின் சுமையை 63 கி.கி. குறைக்கும். முன் சக்கரங்கள் இலகுவாவதால் திசைதிருப்பலும் முன் தடுப்பின் பிடிப்பும் குறைகின்றன.

இதேபோல், முன் அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் 100 கி.கி. எடையுள்ள தடுப்புச் சட்டமும் வின்ச்சும் பொருத்தப்பட்டால் முன் அச்சின் சுமை 129 கி.கி. அதிகரித்துப் பின் அச்சின் சுமை 29 கி.கி. குறையும். எனவே நீர்க்கலன், மின்கலம் போன்ற கனமான பொருட்கள் இரு அச்சுகளுக்கு இடையிலும் இயன்றவரை தாழ்வாகவும் வைக்கப்பட வேண்டும். கூரையில் வைக்கப்படும் எடை, வளைவுகளிலும் பக்கச் சரிவுகளிலும் கவிழும் வாய்ப்பை அதிகரிக்கிறது. கூரைக்கெனத் தயாரிப்பாளர் தனி வரம்பு ஒன்றை விதிப்பதும் இதனாலேயே.

தொங்கலமைப்பு

ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற இன்றைய யூட்களில் முன்புறம் தனித்தியங்கும் இரட்டைக் கரங்களும் சுருள்வில்களும் உள்ளன. லேண்ட் குரூசர் 70 வரிசையில் முன்புறமும் முழு அச்சே உள்ளது. அது சுருள்வில்களின் மீது அமர்ந்துள்ளது. இவ்வரிசையைச் சேர்ந்த யூட்களிலும் ஹைலக்ஸிலும் பின்புறம் முழு அச்சையும் பட்டைவில்களையும் காணலாம்.

வில்கள்

வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசை அதன் வில் மாறிலி ஆகும். வாகன உடலின் இயல்பு அதிர்வெண் வில் மாறிலியையும் வில்கள் தாங்கும் நிறையையும் பொறுத்தது. வில் மாறிலியை நிறையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 2π ஆல் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும்.

பின் வில்கள் இரண்டும் சேர்ந்து 80 நியூட்டன்/மிமீ மாறிலி கொண்டவை எனவும், அவை தாங்கும் நிறை வெறுமையாக 700 கி.கி., முழுச்சுமையில் 1,500 கி.கி. எனவும் கொள்வோம். வெறுமையாக இருக்கும்போது அதிர்வெண் 1.7 எர்ட்சு, சுமையுடன் 1.2 எர்ட்சு. கூடுதல் 800 கி.கி. ஏற்றும்போது பின்புறம் 98 மிமீ தாழ்கிறது. மேடுபள்ளங்களில் வில் மேலும் அமுங்குவதற்கு மிகக் குறைந்த இடைவெளியே எஞ்சுவதால் அச்சு அடிக்கடி மேல் தடையில் மோதும்.

130 நியூட்டன்/மிமீ மாறிலியுள்ள வில்களைப் பொருத்தினால் அதே சுமைக்குத் தாழ்வு 60 மிமீ மட்டுமே. முழுச்சுமையில் அதிர்வெண் 1.5 எர்ட்சு, இது ஏற்ற அளவு. ஆனால் சுமையை இறக்கியதும் அது 2.2 எர்ட்சாக உயர்கிறது. வாகனம் துள்ளும், சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும். இதனால், வார நாட்களில் வெறுமையாகவும் ஆண்டுக்கு ஒருமுறை சுமையுடனும் ஓடும் வாகனத்துக்கும், எப்போதும் கூண்டும் கருவிகளும் சுமக்கும் வாகனத்துக்கும் ஒரே வில் பொருந்தாது. விற்பனையாளர்கள் வில்களை 'நிலையான சுமை 300 கி.கி.' என்பன போன்று வகைப்படுத்துவது இக்காரணம் பற்றியே ஆகும். வாகனத்தின் அன்றாட எடையை அளந்து அறியாமல் இவ்வகைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது.

அதிர்வுத் தணிப்பான்கள்

வில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. அவ்வாற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுவது அதிர்வுத் தணிப்பானின் பணி. உள்நாட்டு மண்சாலைகளில் காணப்படும் தொடர் அலைத்தடங்களில் தணிப்பான் ஒரு நொடிக்குப் பலமுறை இயங்கிக் கடுமையாகச் சூடாகிறது. எண்ணெய் சூடாகி இளகும்போதும், அதில் வாயுக் குமிழ்கள் தோன்றும்போதும் தணிக்கும் ஆற்றல் குறைகிறது. அதிக எண்ணெய்க் கொள்ளளவு, அகன்ற உருளை, தனி எண்ணெய்க் கலன் ஆகியவை இதற்கான தீர்வுகள். கடினமான வில்லுக்கு ஏற்ற தணிப்பு இல்லையெனில் புதிய வில் பயனைவிடத் தீமையே தரும். ஆகவே வில்லும் தணிப்பானும் இணையாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

உயர்த்துதலின் விளைவுகள்

தனித்தியங்கும் முன் தொங்கலமைப்பை உயர்த்தும்போது இயக்கத் தண்டுகளின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் இயங்கித் தேய்கின்றன. மேல்கரம் கீழிறங்குவதற்கான இடைவெளி குறைகிறது. சக்கரச் சாய்வுக் கோணங்கள் மாறுவதால் புதிய மேல்கரங்கள் தேவைப்படலாம். முழு அச்சுள்ள வாகனத்தில் அச்சு பக்கவாட்டில் சற்று நகர்வதுடன், திசைதிருப்பிய சக்கரம் தானே நேராகும் தன்மையும் குறைகிறது. இரு வகையிலும் தடுப்புக் குழாய்களின் நீளம், முகப்பு விளக்குகளின் கோணம், ஓட்டுநர் உதவிக்கான படக்கருவி, ரேடார் ஆகியவற்றின் அளவமைவு ஆகியன சரிபார்க்கப்பட வேண்டும்.

முழு அச்சின் நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டியின் தரை இடைவெளியைத் தொங்கலமைப்பு உயர்த்தல் அதிகரிப்பதில்லை. அதனை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே.

காற்றுப்பைகளும் அடிச்சட்டக வளைவும்

பட்டைவில்லுக்கு மேல், அச்சுக்கும் அடிச்சட்டகத்துக்கும் இடையே காற்றுப்பை பொருத்துவது மலிவான வழியாகும். தாழ்ந்த பின்புறம் உடனே நிமிர்கிறது. ஆனால் பட்டைவில் தன் சுமையை முன்னும் பின்னும் உள்ள இரு இணைப்புகள் வழியாகச் சட்டகத்துக்குப் பகிர்ந்தளிக்கிறது. காற்றுப்பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் அழுத்துகிறது. அப்புள்ளிக்குப் பின்னால் நீண்ட கூண்டும், மாற்றுச் சக்கரங்களும், இழுவை வண்டியும் தொங்கும்போது, ஒரு பள்ளத்தில் வேகமாக விழுந்தெழும் வாகனத்தின் சட்டகம் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் வளைந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாதைகளில் இத்தகைய சேதம் பல்வேறு தயாரிப்புகளிலும் நேர்ந்துள்ளது. வாகனம் மட்டமாக நிற்பதால் அது வரம்புக்குள் இருப்பதாகப் பொருள் கொள்ளக்கூடாது.

டயர்கள்

டயரின் அளவு மாற்றம் வாகனத்தின் உயரம், பல்விகிதம், வேகமானி ஆகிய மூன்றையும் பாதிக்கிறது. 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மிமீ. 265/70 ஆர்17 டயரின் விட்டம் 803 மிமீ. விட்டம் 3.4 விழுக்காடு கூடும்போது தரை இடைவெளி 13 மிமீ மட்டுமே உயர்கிறது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு வாகனம் முன்பைவிட 3.4 விழுக்காடு கூடுதல் தொலைவு செல்வதால் வேகமானி காட்டும் அளவு உண்மை வேகத்தை ஒப்பிடக் குறைகிறது. உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும் வேகமானியை விதிகள் ஏற்பதில்லை.

டயரின் சுமைக் குறியீடு அச்சு வரம்புக்குப் போதுமானதாக இருத்தல் வேண்டும். கட்டணமின்றிச் செய்யத்தக்க மிகப் பயனுள்ள மாற்றம் டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பதாகும். மென்மணலில் 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைக்கும்போது டயரின் தரைத்தொடர்புப் பரப்பு நீள்கிறது. வாகனம் மணலில் புதைவதற்கு மாறாக அதன்மேல் ஊர்ந்து செல்கிறது. குறைந்த அழுத்தத்தில் வேகமும் குறைக்கப்பட வேண்டும். கடினச் சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடைக்க வேண்டியிருப்பதால், காற்றழுத்தமானியும் காற்றடைப்பானும் வேறெந்தக் கருவிக்கும் முன்னர் வாங்கத்தக்கவை.

துணைக்கருவிகள்

முன் தடுப்புச் சட்டம்

புல் பார் எனப்படும் இது, கங்காரு போன்ற விலங்குகள் மோதும்போது குளிர்விப்பானைக் காக்கிறது. இச்சட்டம் காற்றுப்பைப் பாதுகாப்பு அமைப்பின் உணரிகளுக்கு ஏற்றதாகவும், ஓட்டுநரின் பார்வையையும் விளக்குகளையும் மறைக்காததாகவும் இருத்தல் வேண்டும்.

மீட்புக் கருவிகள்

வின்ச்சின் இழுதிறன் வாகனத்தின் மொத்த எடையைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. 3,050 கி.கி. வாகனத்துக்கு இது 4,575 கி.கி. ஆகும். 10,000 பவுண்டு வின்ச்சின் திறன் 4,536 கி.கி. என்பதால் அது விளிம்பில் நிற்கிறது. 12,000 பவுண்டு வின்ச் போதுமானது.

சிக்கிய வாகனத்தை மற்றொரு வாகனம் மீள்தன்மையுள்ள பட்டையால் இழுக்கும்போது பெரும் ஆற்றல் பட்டையில் சேமிக்கப்படுகிறது. பட்டை மாட்டப்படும் இடம் சட்டகத்துடன் இணைந்த, திறன் குறிக்கப்பட்ட மீட்புப் புள்ளியாக இருத்தல் வேண்டும். இழுவைக் குமிழில் பட்டையை ஒருபோதும் மாட்டக்கூடாது. குமிழ் உடைந்து எறிகணைபோல் பாய்ந்து ஆஸ்திரேலியாவில் உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. மீட்புப் பலகைகளும் மண்வாரியும் இலகுவானவை, ஆபத்துக் குறைந்தவை. பெரும்பாலான மணல் சிக்கல்களுக்கு அவையே போதும்.

மின்னமைப்பு

குளிர்பெட்டி, விளக்குகள் ஆகியவற்றுக்காக இரண்டாம் மின்கலம் பொருத்தப்படுகிறது. இன்றைய இயந்திரங்களின் மின்னாக்கி தன் மின்னழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்வதால், நேர்மின் மாற்றி மின்னேற்றி ஒன்று இடையில் தேவைப்படுகிறது. கம்பியின் தடிமன் அடிக்கடி கவனிக்கப்படாத ஒன்று. இயந்திர அறையிலிருந்து கூண்டுக்கு 6 மீட்டர், திரும்பி வர 6 மீட்டர் என 12 மீட்டர் செப்புக் கம்பியில் 25 ஆம்பியர் ஓடும்போது, 6 சதுர மிமீ கம்பியில் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும் 16 சதுர மிமீ கம்பியில் 0.3 வோல்ட்டும் இழக்கப்படுகின்றன. தீ விபத்தைத் தவிர்க்க ஒவ்வொரு மின்கலத்தின் அருகிலும் உருகி பொருத்துவது கட்டாயம் எனக் கொள்ள வேண்டும்.

சட்ட விதிகள்

ஆஸ்திரேலியாவில் புதிய வாகனங்களின் தரம் கூட்டரசின் பொறுப்பு. பதிவு செய்யப்பட்ட வாகனத்தின் மாற்றங்கள் மாநிலங்களின் பொறுப்பு. இலகு வாகன மாற்றங்களுக்கான தேசிய நடைமுறை விதித்தொகுப்பு விஎஸ்பி 14 எனப்படுகிறது. மாநிலங்கள் இதனைச் சில மாறுதல்களுடன் பின்பற்றுகின்றன.

நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து ஆகிய மாநிலங்களில் தொங்கலமைப்பால் 50 மிமீ, டயரால் 25 மிமீ என மொத்தம் 75 மிமீ வரை வாகனத்தை உயர்த்தப் பொதுவாகப் பொறியாளர் சான்றிதழ் தேவையில்லை. 25 மிமீ உயர்வு என்பது டயர் விட்டத்தில் 50 மிமீ அதிகரிப்பாகும். இதற்கு மேற்பட்ட மாற்றங்களுக்குச் சான்றிதழ் பெற வேண்டும். மாநில எல்லையைக் கடக்கும் பயணி தன் வாகனத்தின் சான்றுகளை உடன் வைத்திருப்பது நலம்.

கடினமான வில்லைப் பொருத்துவதால் மட்டும் மொத்த எடை வரம்பு உயர்வதில்லை. வரம்பை உயர்த்த, சோதிக்கப்பட்ட பாகத் தொகுதியைப் பொருத்திச் சான்று பெற வேண்டும். முதற்பதிவுக்கு முன்னர் செய்யப்படும் உயர்வு, 2021 ஜூலை 1 முதல் 2018ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரநிலைச் சட்டத்தின் கீழ் ஏற்கப்படுகிறது. பதிவுக்குப் பின் செய்யப்படுவது அந்தந்த மாநிலத்தின் விதிக்கு உட்பட்டது. வரம்பு 3,500 கி.கி.க்கு மேற்பட்டால் வாகனம் வேறு வகைப்பாட்டுக்குள் செல்கிறது. சாதாரண கார் உரிமத்துடன் 4,500 கி.கி. வரையுள்ள வாகனத்தை ஓட்டலாம்.

மொத்த வாகன எடை வரம்பை உயர்த்துவது இணை எடை வரம்பைத் தானாக உயர்த்துவதில்லை. இணை எடை வரம்பு 5,850 கி.கி. எனக் கொண்டால், 3,050 கி.கி. எடையுள்ள யூட்டுடன் இணையும் இழுவை வண்டியின் சக்கரங்கள் 2,800 கி.கி. தாங்கலாம். யூட்டின் எடை 3,300 கி.கி. ஆனால் அது 2,550 கி.கி.யாகக் குறைகிறது. யூட்டில் ஏற்றும் ஒவ்வொரு கிலோகிராமும் இழுவை வண்டியிலிருந்து கழிக்கப்படுகிறது.

வரம்பை மீறிய வாகனம் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். பிறருக்கு நேர்ந்த காயத்துக்கு ஓட்டுநர் பொறுப்பேற்க நேரிடலாம்.

திட்டமிடும் வரிசை

1. பயண நோக்கம், ஆட்களின் எண்ணிக்கை, எரிபொருள் கிடைக்காத மிக நீண்ட தொலைவு ஆகியவற்றை முடிவு செய்தல்.
2. எரிபொருள், நீர், உணவு, கருவிகள் ஆகியவற்றின் எடையைப் பட்டியலிட்டுக் கூட்டுதல்.
3. மாற்றப்படாத வாகனத்தை எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என மூன்று அளவுகளையும் எடுத்தல்.
4. கூட்டுத்தொகை வரம்பை மீறினால் பொருட்களைக் குறைத்தல்; குறைக்க இயலாவிடில் வரம்பு உயர்வைத் தேர்தல். புதிய வாகனம் எனில் பதிவுக்கு முன்பே இதனை முடிவு செய்தல்.
5. டயர், காற்றடைப்பான், மீட்புப் புள்ளிகள் ஆகியவற்றை முதலில் பொருத்துதல்.
6. நிலையாகப் பொருத்தப்படும் கருவிகளை, இயன்றவரை அச்சுகளுக்கு இடையே அமையுமாறு பொருத்துதல்.
7. மீண்டும் எடையிட்டு, அவ்வளவுகளுக்கு ஏற்ற வில்களையும் தணிப்பான்களையும் தேர்தல்.
8. சக்கரக் கோணங்கள், விளக்குகள், உணரிகள் ஆகியவற்றைச் சரிசெய்து, தேவையான சான்றுகளைப் பெறுதல்.
9. முதல் 1,000 கி.மீ. ஓடிய பின் பட்டைவில்லின் யு-வடிவ மறைகள் உள்ளிட்ட இணைப்புகளை மீண்டும் இறுக்குதல்.
10. முழுச்சுமையுடன், அனைவரும் அமர்ந்த நிலையில், பயணத்துக்கு முன் இறுதியாக எடையிடுதல்.

எடைமேடையில் அளத்தல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி முன் அச்சின் எடையையும், பின்னர் முழு வாகனத்தையும் ஏற்றி மொத்த எடையையும் குறித்துக்கொள்ளலாம். இவற்றின் வேறுபாடு பின் அச்சின் எடையாகும். இழுவை வண்டி இணைந்திருப்பின் அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்க வேண்டும், இணைப்பைக் கழற்றக்கூடாது. அப்போதுதான் குமிழ் எடையும் யூட்டின் அளவில் சேரும். இம்மூன்று எண்களையும் தயாரிப்பாளரின் தகட்டில் உள்ள வரம்புகளுடன் ஒப்பிட்டால், வாகனம் பயணத்துக்கு ஆயத்தமா என்பது தெரிந்துவிடும்.